ஸ்ட்ராங் என்றால் என்ன? – செஞ்சிக்கோட்டையை முன்வைத்து

தமிழர்கள் ஒரு நாளில் அதிகம் உச்சரிக்கிற ஆங்கிலப் பெயரடை எது என்று போட்டி வைத்தால் என் ஓட்டு ‘ஸ்ட்ராங்’ என்ற சொல்லுக்குத்தான். டீக்கடையில் “மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒண்ணு”. வாக்குப்பதிவு முடிந்ததும் ஓட்டு மெஷின்களைப் பூட்டி சீல் வைக்கிற இடம் ஸ்ட்ராங் ரூம். இந்தத் தொகுதியில் யார் ஸ்ட்ராங் என்று பேசாத சலூன் கிடையாது. வடிவேலுவின் பில்டிங், பேஸ்மட்டம் வசனத்தை நான் எழுதவே வேண்டாம், நீங்களே மனதுக்குள் சொல்லிவிட்டிருப்பீர்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு இதன் தங்கச்சி ஒன்றும் தெரியும்: “கிளாஸ் ஸ்ட்ரெங்த் எவ்வளவு?” அறுபது என்று பதில் சொல்வோம். அந்த அறுபதில் எத்தனை பேர் நோஞ்சான் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரே சொல்தான். ஆனால் இடத்துக்கு இடம் வேறு வேலை பார்க்கிறது. டீயில் ஸ்ட்ராங் என்றால் சாயம் தூக்கல். ரூமில் ஸ்ட்ராங் என்றால் பூட்டும் போலீசும். கட்சியில் ஸ்ட்ராங் என்றால் ஓட்டு, கொஞ்சம் காசு, கொஞ்சம் சாதி. ஸ்ட்ரெங்த் என்றால் வெறும் தலைக்கணக்கு. இந்தக் கடைசிப் பொருள் ஆங்கிலத்திலேயே உண்டு. ‘ஃபைவ் தவுசண்ட் ஸ்ட்ராங்’ என்றால் ஐயாயிரம் பேர் உள்ள படை. அந்த ஐயாயிரம் பேரும் மூன்று நாளாகப் பட்டினி கிடந்தாலும் அது ஃபைவ் தவுசண்ட் ஸ்ட்ராங்தான்.

ஆங்கிலேயன் காற்றுக்கும் ஸ்ட்ராங் என்பான், வாடைக்கும் ஸ்ட்ராங் என்பான், கெட்ட வார்த்தைக்கும் ஸ்ட்ராங் லாங்குவேஜ் என்பான். நாம் அப்படி இல்லை. காற்று என்றால் பலத்த காற்று. வாடை என்றால் நெடி. மருந்து என்றால் வீரியம். ஆதாரம் என்றால் வலுவான ஆதாரம். பேச்சு என்றால் கடுமையான பேச்சு. கயிறு என்றால் கெட்டி. மனசு என்றால் உறுதி. இத்தனை சொற்களை வைத்துக்கொண்டு டீக்கடையில் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் கேட்கிறோம் என்பது தனி ஆராய்ச்சி.

படிப்பில் இந்தச் சொல் இன்னும் விசித்திரமாக நடந்துகொள்கிறது. வேதியியலில் ஸ்ட்ராங் ஆசிட் என்றால் எது? தண்ணீரில் விட்டவுடன் முழுக்க அயனிகளாகப் பிரிந்துபோகிற அமிலம். உடையாமல் பெரும்பகுதி அப்படியே இருக்கிற வினிகர் அமிலத்துக்கு ‘வீக்’ என்று பெயர்! ஆங்கில இலக்கணத்திலும் ஸ்ட்ராங் வெர்ப், வீக் வெர்ப் உண்டு. சிங், சாங், சங் என்று நடு எழுத்தை மாற்றிக்கொண்டு வருவது ஸ்ட்ராங். வாக், வாக்டு என்று வால் ஒட்டிக்கொள்வது வீக். இப்படிப் பெயர் வைத்தவர் தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே யாக்கோப் கிரிம். வேடிக்கை என்னவென்றால் ஆயிரம் வருடமாகக் குறைந்துகொண்டு வருவது ஸ்ட்ராங் வினைகள்தான். ‘ஹெல்ப்’ என்ற சொல்லின் இறந்தகாலம் ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்று ஸ்ட்ராங்காக இருந்தது. இப்போது அதுவும் வீக் கட்சிக்குத் தாவி ‘ஹெல்ப்டு’ ஆகிவிட்டது. புதிதாகப் பிறக்கிற வினைச்சொல் ஏறக்குறைய எல்லாமே வீக்தான். கூகுள்டு என்கிறோம், வேறு எப்படியும் சொல்வதில்லை.

சரி, தலைப்பில் செஞ்சி என்று போட்டுவிட்டு டீயும் வினிகரும் பேசிக்கொண்டிருக்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் வல்லம். வெளியூரில் சொன்னால் “தஞ்சாவூர் வல்லமா, பெரியார் மணியம்மை பல்கலைக்கழகம் இருக்கே, அதா?” என்பார்கள். இல்லை. “செங்கல்பட்டுப் பக்கம் பல்லவர் குகை இருக்கிற வல்லமா?” அதுவும் இல்லை. நாங்கள் விழுப்புரம் மாவட்டம், செஞ்சி வட்டம், வல்லம் ஒன்றியம். செஞ்சி என்று சொன்னால் மட்டும் எல்லோருக்கும் புரியும், “ஓ, கோட்டை!” என்பார்கள். அடுத்த வாக்கியம் பெரும்பாலும் “செம ஸ்ட்ராங்கான கோட்டையாமே?”

ஆங்கிலத்தில் செஞ்சியைப் பற்றி எழுதுகிறவர்களும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான். ஸ்ட்ராங், ஸ்ட்ராங்கஸ்ட், இம்ப்ரெக்னபிள் என்று மூன்று படியாக ஏறுவார்கள். ‘கிழக்கின் ட்ராய்’ என்ற பட்டமும் கட்டாயம் வரும். இந்த இம்ப்ரெக்னபிள் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. எடுக்க முடியாதது, பிடிக்க முடியாதது என்று நேர்ப்பொருள். நடுவில் ஒரு ‘க்’ வந்து புகுந்துகொண்டதால் கர்ப்ப சம்பந்தமான சொல் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். ட்ராய் பட்டம் கொடுத்தவர்கள் ஒன்றை யோசித்தார்களா தெரியவில்லை. ட்ராய் நகரம் புகழ்பெற்றது அது பிடிபட்ட கதையால்தானே?

எடுக்க முடியாத கோட்டையை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று ஒரு நாள் நோட்டில் எழுதிப் பார்த்தேன். 1649-ஐ ஒட்டி நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தானின் படை. 1677-இல் சிவாஜி. 1698-இல் ஔரங்கசீப்பின் படை. 1714-இல் ஆற்காடு நவாப். 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள். 1761-இல் ஆங்கிலேயர்கள். 1780-இல் ஹைதர் அலி. சுமார் 130 வருடத்தில் ஏழு தடவை. சராசரி போட்டால் 20 வருடத்துக்குள் ஒரு தடவை கை மாறியிருக்கிறது. இம்ப்ரெக்னபிள்!

அதற்காகக் கோட்டை சொத்தை என்று சொல்ல வரவில்லை. நேரில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவே மாட்டார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் முக்கோணமாக இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் மதில். உள்ளே அடங்குவது ஏறக்குறைய 11 சதுர கிலோமீட்டர். யாரோ ராட்சசன் கூடை கூடையாகக் கொட்டியது போலப் பாறைகள். ராஜகிரியின் உச்சி சுமார் 800 அடி. ஏறி முடித்துவிட்டோம் என்று மூச்சு வாங்கும்போது, உச்சிக்கு முன்னால் மலையே இரண்டாகப் பிளந்து கிடக்கும். அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் கதை முடிந்தது, ஒரு சில பேர் போதும் ஒரு படையை நிறுத்த. உச்சியில் சுனைத் தண்ணீர் உண்டு. கீழே பெரிய பெரிய தானியக் களஞ்சியங்கள். 1200-ஐ ஒட்டி ஆனந்தக் கோன் காலத்தில் தொடங்கியது, நாயக்கர் காலத்தில் பெருத்தது. 1597-இல் இங்கே வந்த பிமெந்தா என்ற ஏசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தான் பார்த்ததிலேயே பெரிய ஊர் இதுதான், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இதைவிடப் பெரிய ஊர் இல்லை என்கிற அளவுக்கு எழுதியிருக்கிறார். இப்போது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆக, கல் ஸ்ட்ராங். அதில் சந்தேகமே வேண்டாம். அப்புறம் எப்படி ஏழு தடவை?

திருக்குறளில் ‘அரண்’ என்று ஒரு அதிகாரம், 75-ஆவது. பள்ளியில் மனப்பாடப் பகுதியில் வந்ததில்லை, அதனால் யாரும் புரட்டியிருக்க மாட்டோம். அதில் 747-ஆவது குறளில் ஒரு கோட்டையை எடுக்க மூன்று வழி சொல்கிறார் வள்ளுவர். சுற்றி வளைத்து உட்காருவது. வளைக்காமல் திடீரென்று பாய்வது. உள்ளே இருக்கிறவனைச் சூழ்ச்சியால் தன் பக்கம் திருப்புவது. மூன்றுக்கும் மசியாததுதான் அரண். அதிகாரத்தின் கடைசிக் குறள் இன்னும் கறார்: என்னதான் சிறப்பான அரணாக இருந்தாலும் உள்ளே இருப்பவர்களுக்குச் செயல்திறம் இல்லாவிட்டால் அது அரணே கிடையாது. இந்த மூன்று வழியையும் ஒரே கோட்டையில் செய்முறை விளக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் செஞ்சிக்குத்தான் வரவேண்டும்.

1677-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சிவாஜி வந்தார், எடுத்தார். முதல் தாக்குதலிலேயே எடுத்தார் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். பீஜப்பூரின் கோட்டைத் தலைவனோடு பேசி முடித்து வாங்கினார் என்று இன்னொரு பக்கம். எப்படியானாலும் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு கிடக்கவில்லை. கோட்டை கைக்கு வந்த பிறகு அதைப் பலப்படுத்துவதில் மராட்டியர்கள் ஏராளமாகச் செலவு செய்தார்கள். அது 12 வருடம் கழித்து உதவியது.

1689-இல் சிவாஜியின் மகன் சம்பாஜியை ஔரங்கசீப் பிடித்துக் கொன்றுவிட்டார். தலைநகர் ராய்கட்டும் போனது. சம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி, அந்த வருடக் கடைசியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மராட்டிய ராஜ்ஜியத்தின் தலைநகர் நம்ம செஞ்சி! ஔரங்கசீப் சும்மா விடுவாரா? சுல்ஃபிகர் கான் என்ற தளபதியை அனுப்பினார். 1690 செப்டம்பரில் வந்து இறங்கிய சுல்ஃபிகர் கான் கோட்டையை எடுத்தது 1698 தொடக்கத்தில். ஏழு வருடத்துக்கு மேல். ஒரு பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஏழாம் வகுப்பு முடிக்கிற காலம்.

இந்த முற்றுகையில்தான் ‘ஸ்ட்ராங்’ என்ற சொல்லின் எல்லா வேஷமும் கலைகிறது.

முதலாவது, தலைக்கணக்கு ஸ்ட்ராங். மொகலாயப் படை பெரியதுதான். ஆனால் மூன்று மலை, 13 கிலோமீட்டர் மதில். அதை முழுக்கச் சுற்றி வளைக்க அந்தப் படை போதவில்லை. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் நெல்லும் ஆளும் உள்ளே போய்க்கொண்டே இருந்தன. 1692 கடைசியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து குதிரைப்படையோடு வந்து, வளைத்தவர்களையே வளைத்துவிட்டார்கள். காஞ்சிபுரத்து மொகலாய அதிகாரி அலி மர்தான் கான் உயிரோடு மாட்டிக்கொண்டார். கோட்டைக்குள் இருப்பவன் சாப்பிடுகிறான், வெளியே வளைத்து நிற்கிறவன் பட்டினி. 1693 ஜனவரியில் சுல்ஃபிகர் கான் பெரிய பீரங்கிகளைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லாமல் விட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்.

அதே சமயத்தில் கூடாரத்துக்குள் இன்னொரு கூத்து. ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்ஷ் முற்றுகைக்கு வந்திருந்தார். கூடவே மந்திரி ஆசாத் கான், அதாவது சுல்ஃபிகர் கானின் அப்பா. இளவரசர் ரகசியமாக ராஜாராமோடு பேச்சு நடத்துகிறார் என்று தெரிந்து, அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து பாதுஷாவின் மகனையே கைது செய்துவிட்டார்கள். மதிலுக்கு உள்ளே துரோகம் நடக்கும் என்றுதான் பொதுவாக நினைப்போம். இங்கே வெளியே நடந்தது.

சுல்ஃபிகர் கான் மட்டும் யோக்கியமா? அந்தப் படையோடு இருந்த பீம்சேன் சக்சேனா என்பவர் பாரசீகத்தில் ஒரு வரலாறு எழுதிவைத்திருக்கிறார். கான் நினைத்திருந்தால் வந்த அன்றைக்கே எடுத்திருக்கலாம், தளபதிகளுக்கு வேலையை இழுத்தடிப்பது வழக்கம் என்பது அவர் கருத்து. வந்த அன்றைக்கே என்பது கொஞ்சம் அதிகம்தான், ராஜகிரியில் ஒரு தடவை ஏறியவன் அதை நம்பமாட்டான். ஆனால் கடைசியில் நடந்ததைப் பாருங்கள். ‘இனியும் இழுத்தால் நடக்கிறதே வேறு’ என்கிற தோரணையில் பாதுஷாவிடமிருந்து நெருக்கடி வந்த பிறகு, தாவூத் கான் என்ற துணைத் தளபதி சந்திரகிரியை ஒரே நாளில் ஏறிப் பிடித்தார். மற்ற மலைகளும் சீக்கிரமே விழுந்தன. விழுவதற்கு முன் ராஜாராம் வேலூருக்குத் தப்பிப் போக நேரமும் வழியும் கிடைத்தது. ஏழு வருடம் அசையாத கோட்டை, எடுத்தே ஆக வேண்டும் என்று ஆனதும் அசைந்தது. அதில் எத்தனை பங்கு கல்லின் பலம், எத்தனை பங்கு கானின் கணக்கு?

கோட்டைக்குப் புதுப்பெயரும் வைத்தார்கள், நுஸ்ரத்கட் என்று. அது நிற்கவில்லை.

இதே முற்றுகைக் காலத்தில் ஒரு பக்கக் கதை உண்டு, சொல்லாமல் போக மனசில்லை. ராஜாராமுக்குப் பணம் தேவை. ஆங்கிலக் கம்பெனிக்குக் கடலூர்ப் பக்கம் இடம் தேவை. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்கள் கம்பெனிக்கு விற்றார்கள். அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆள். எல்லை எவ்வளவு? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை. சும்மா இருப்பார்களா, நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து திசைக்கு ஒன்றாகச் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரை கிராமங்கள் கம்பெனிக்கு. கடலூரில் குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்ற பழமொழியை இவ்வளவு நேரடியாக யாரும் செய்து காட்டியதில்லை. அன்று அந்த வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவனுக்கு, பீரங்கியில் மருந்து எவ்வளவு போட்டார்கள் என்பதை வைத்துத்தான் யாருக்கு வரி கட்டுவது என்று முடிவானது.

அந்தப் பழமொழியில் வருகிற ‘வல்’ என்ற வேர் எங்கள் ஊர்ப்பெயரிலும் ஒலிக்கிறது என்பதால் எனக்கு அதன்மேல் எப்போதும் ஒரு கண். தமிழில் ஸ்ட்ராங்குக்கு ஆதிச்சொல் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டலாம். எத்தனை பக்கம் கிளை விடுகிறது பாருங்கள். க, ச, ட, த, ப, ற வல்லினம்: அழுத்தம். வல்லவன், வல்லுநர்: திறமை. புல்லும் ஆயுதமாவது இந்த வல்லவனுக்குத்தான். வல்வில் ஓரி: வில்லின் பலமா ஆளின் பலமா என்று பிரிக்க முடியாது. வல்லே என்றால் பழந்தமிழில் ‘சீக்கிரம்’. வல்லரசு: விஜயகாந்த் நடித்து 2000-இல் படம் வந்தது, 2020-இல் ஆகிவிடுவோம் என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதினார்கள், 2020-உம் போய்விட்டது. கணினிக்காரர்கள் ஹார்டு டிஸ்க்குக்கு வன்தட்டு என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு கிளை இருட்டுப் பக்கம் போகிறது: வன்சொல், வன்முறை, வன்கொடுமை. 1989-ஆம் வருடத்துச் சட்டத்தைத் தமிழில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்கிறோம். பழைய ஆங்கிலத்திலும் ஸ்ட்ராங் என்ற சொல்லுக்குக் கடுமையான, கொடுமையான என்ற பொருள் இருந்திருக்கிறது. ஆங்கிலம் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துவிட்டது. தமிழ் விடவில்லை.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது ‘வலி’. குறளில் ‘வலியறிதல்’ என்று அதிகாரம் வைத்தால் பலம். அம்மா ‘தலைவலி’ என்றால் நோவு. பலத்துக்கும் நோவுக்கும் நம்மிடம் ஒரே எழுத்துக்கூட்டு.

செஞ்சிக்கோட்டை ஸ்ட்ராங் என்று கேட்கும்போதெல்லாம் இதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. மதிலுக்குள் பார்த்தால் வலிமை, வெளியே எங்கள் ஊர் மாதிரி ஊர்களிலிருந்து பார்த்தால் வலி. ஏழு வருட முற்றுகை என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிடுகிறோம். அத்தனை ஆயிரம் குதிரையும் யானையும் மாடும் ஆளும் ஏழு வருடம் எதைத் தின்றன? டெல்லியிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வரவில்லை. உள்ளே போன நெல்லும் சுற்று வட்டாரத்து நெல், வெளியே தின்ற நெல்லும் சுற்று வட்டாரத்து நெல். அது போதாமல் 1694-இல் சுல்ஃபிகர் கான் தஞ்சாவூர் வரை போய்க் கப்பம் வாங்கினார். மராட்டியக் குதிரை வந்தால் அவர்களுக்குக் கொடு, மொகலாயக் குதிரை வந்தால் இவர்களுக்குக் கொடு. மதில் இல்லாத ஊர்க்காரன் யாரிடம் முடியாது என்று சொல்வான்? கோட்டை வீக்காக இருந்திருந்தால் முற்றுகை ஏழு நாளில் முடிந்திருக்கும். அது ஸ்ட்ராங்காக இருந்ததால்தான் ஏழு வருடம். சுற்றுலாக் கையேட்டில் ‘வெல்ல முடியாத கோட்டை’ என்று பெருமையாகப் போட்டிருப்பதை எங்கள் பக்கத்து விவசாயி ஒருவன் 1695-இல் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். அவன் சொல்லியிருப்பதுதான் அசல் ஸ்ட்ராங் லாங்குவேஜ் :-)

அடுத்தது நம்ம தேசிங்கு ராஜா. எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த ‘ராஜா தேசிங்கு’ 1960-இல் வந்தது. அதற்கு முன்பே தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் ஊர் ஊராகப் போனவர். நிஜப்பெயர் தேஜ் சிங், புந்தேலா ராஜபுத்திரர். அப்பா ஸ்வரூப் சிங் மொகலாயர்களுக்காகக் கோட்டையைக் காத்து 1714-இல் இறந்துபோக, பிள்ளை வந்து உட்கார்ந்தார். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் பாக்கிப் பணம் கேட்டார். பேச்சு முற்றி 1714 அக்டோபர் 3-ஆம் தேதி சண்டை. அன்று தேசிங்குக்கு வயது சுமார் 22. கையில் இருந்தது சில நூறு குதிரைகள், எதிரே வந்தது பல மடங்கு படை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஏழு வருடம் மொகலாயப் படையைத் தண்ணீர் குடிக்க வைத்த அதே மதில், அதே மலை, அதே சுனை அந்தப் பையனிடம் இருந்தது. அவர் உள்ளே உட்காரவில்லை. வாசலைத் திறந்துகொண்டு வெட்டவெளிக்கு வந்து சண்டை போட்டுச் செத்தார். நண்பன் மகபத் கானும் செத்தார். ராணி உடன்கட்டை ஏறினார், ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அவர் ஞாபகமாக நவாப் வைத்தது என்பார்கள். ராணுவக் கண்ணோடு பார்த்தால் தேசிங்கு செய்தது அசட்டுத்தனம் என்றுதான் சொல்லவேண்டும், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் செஞ்சியை ஆண்ட அத்தனை பேரில் பத்து மாதம்கூட முழுசாக ஆளாத இவர் பெயரைத்தான் கூத்தில் பாடுகிறார்கள். சுல்ஃபிகர் கானுக்கு ஒரு பாட்டும் கிடையாது.

1750-ஐ வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவர்களும் வேகமாகத்தான் முடித்தார்கள். புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி, சில நூறு வெள்ளைக்காரச் சிப்பாய்கள், கூட உள்ளூர்ச் சிப்பாய்கள். முகமது அலியின் படை தோற்று வந்து கோட்டைக்குள் ஒதுங்கியிருந்தது. செப்டம்பர் 11-ஆம் தேதி இரவு வாசற்கதவை வெடி வைத்துத் தகர்த்தார்கள். விடிவதற்குள் மூன்று மலையும் அவர்கள் கையில். காலையில் வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு, இதையா நாம் ராத்திரி ஏறினோம் என்று அவர்களே மலைத்துப் போனார்களாம். மொகலாயர்களுக்கு ஏழு வருடம், இவர்களுக்கு ஒரு ராத்திரி. கல் அதே கல்.

செஞ்சியை உண்மையிலேயே ஸ்ட்ராங் என்று நம்பி நடந்துகொண்டவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான், ஆங்கில மேஜர் கின்னியர். 1752-இல் கோட்டையைப் பிடிக்க வந்தார், பார்த்தார், இது ஆகாது என்று திரும்பினார். திரும்புகிற வழியில் விக்கிரவாண்டியில் பிரெஞ்சுப் படையிடம் அடி வாங்கினார். இப்போது பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் டோல்கேட்டில் மணிக்கணக்கில் நிற்கிற அதே விக்கிரவாண்டிதான்.

பிரெஞ்சுக்காரர்களிடம் கோட்டை பத்து வருடம் இருந்தது. அந்தப் பத்து வருடத்தில் அவர்களைக் கொன்றது எதிரி இல்லை. ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் அங்கே வைத்ததில்லை என்றும், அப்படியும் 1,200 பேர் வரை நோயில் செத்தார்கள் என்றும் பழைய ஆங்கில கெஜட்டியர் சொல்கிறது. செஞ்சிக் காய்ச்சல் அவ்வளவு பேர் போனது. எந்தப் பாறைச் சந்தும் அகழியும் குளமும் எதிரியை நிறுத்துமோ அதில்தான் தண்ணீர் தேங்கும், கொசு வரும். ஸ்ட்ராங்கான இடத்தில் ஸ்ட்ராங்கான ஆளை வைத்தால் அவன் வீக் ஆகிப் பாண்டிச்சேரிக்குத் தூக்கி வரவேண்டியிருந்தது.

1761 ஜனவரியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. செஞ்சி மட்டும் பாக்கி. உள்ளே பிரெஞ்சுக்காரர்களுக்காகக் கோட்டையைக் காத்தவர் மக்கிரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். வெளியே ஸ்டீபன் ஸ்மித் என்ற ஆங்கில கேப்டன். முதலில் முடியாது என்றார் மக்கிரெகர். ஆனால் எதற்காக இன்னும் காப்பது? உதவிக்கு வர பாண்டிச்சேரியே இல்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி சரணடைந்தார். மதிலில் பெரிய ஓட்டை எதுவும் விழவில்லை. கோட்டை எந்த ஊருக்காக நின்றதோ அந்த ஊர் போன பிறகு கோட்டைக்கு வேலை இல்லை. 1780-இல் ஹைதர் அலி படை வந்தபோது உள்ளே இருந்த சொற்ப ஆங்கிலச் சிப்பாய்கள் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. அதற்கப்புறம் செஞ்சியைப் பிடிக்க யாரும் மெனக்கெடவில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், ஒன்று நம்முடையது. அதன் பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. நீங்களும் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், ராஜகிரி உச்சிக்கு மதியத்துக்கு மேல் ஏற விடமாட்டார்கள். கையில் தண்ணீர் இருக்கட்டும், தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் பையோடு பிடுங்கிக்கொண்டு போகும். ஏறும்போது மதிலையே பார்த்துக்கொண்டு போகாமல், மேலே போனதும் ஒரு தடவை வெளிப்பக்கம் திரும்பிப் பாருங்கள். கீழே பச்சையாகத் தெரிகிற வயல்காடு அத்தனையும் மதிலுக்கு வெளியே இருக்கிறது. இறங்கி வந்தால் பஸ் ஸ்டாண்டில் டீ கிடைக்கும், எப்படி வேண்டும் என்று கேட்டுத்தான் போடுவார்கள்.